கொங்கு மாஜிஸ்ட்ரேட்டை வைத்துத் தொடர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபியிலோ தாராபுரத்திலோ ஒரு மாஜிஸ்ட்ரேட். வாரம் ஒரு வழக்கு. பின்னணியில் வாய்க்கால், தென்னந்தோப்பு, தறிச்சத்தம். டிவி தொடருக்கு நல்ல களம்தான். நான் ஈரோட்டுப் பக்கம் வக்கீல் தொழில் பார்க்கிறவன் என்பதால், எழுதுகிற நண்பர்கள் திரைக்கதையை அனுப்பிவிட்டு, "ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். ஆளாளுக்குக் கதை வேறாக இருந்தாலும் தவறு என்னவோ ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒவ்வொருவரிடமும் போனில் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிடுகிறேன்.

இந்தத் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். மாஜிஸ்ட்ரேட்டைச் சின்ன சைஸ் ஹைகோர்ட் ஜட்ஜ் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். அநேகமாக எந்தக் குற்ற வழக்கும் முதலில் அவர் வாசலுக்குத்தான் வரும். ஆனால் பெரிய வழக்கு எதையும் முடித்து வைக்கிறவர் அவர் இல்லை. தொடருக்கான சரக்கு முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. அதை விட்டுவிட்டுத் தீர்ப்பு வசனத்துக்குப் பாய்கிறார்கள்.

சுத்தியலும் சிலையும்

சின்னப் பிழைகளை முதலில் தள்ளிவிடலாம். நம் கோர்ட் எதிலும் மேஜை மேல் சுத்தியல் கிடையாது. ஹைகோர்ட்டிலும் இல்லை. சத்தம் அதிகமானால் டவாலி (கோர்ட் சேவகர்) ஒரு அதட்டல் போடுவார். அதுவும் போதவில்லை என்றால் மாஜிஸ்ட்ரேட் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார், அடங்கிவிடும். கீதை மேல் கைவைத்துச் சத்தியம் செய்வதும் சினிமாவோடு சரி. 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டப்படி கடவுள் பெயரால் சத்தியம், இல்லையென்றால் மனசாட்சிப்படி உறுதிமொழி, அவ்வளவுதான். பெஞ்ச் கிளார்க் சொல்லச் சொல்லச் சாட்சி திருப்பிச் சொல்வார். பாதிப் பேர் அதை முடிப்பதற்குள்ளேயே நடந்த கதையை ஆரம்பித்துவிடுவார்கள்.

"மை லார்ட்" வேண்டாம். கீழ்க்கோர்ட்டில் "சார்" என்றோ அந்தந்த மொழியில் அதற்கு இணையாகவோ அழைத்தால் போதும் என்று பார் கவுன்சில் 2006லேயே விதி போட்டுவிட்டது. வக்கீல்கள் "யுவர் ஆனர்" என்பார்கள். கட்சிக்காரர்கள் "ஐயா", "அம்மா" என்பார்கள். தோட்டத்து வேலையிலிருந்து நேராக வந்த பெரியவராக இருந்தால் "சாமி" என்றுகூடச் சொல்வார். கண்கட்டிய நீதி தேவதை சிலையையும் எடுத்துவிடுங்கள். உச்ச நீதிமன்றமே 2024இல் கண்கட்டு இல்லாத சிலையை வைத்துவிட்டது. ஜே.எம்., அதாவது நீதித்துறை நடுவர் (ஜுடிஷியல் மாஜிஸ்ட்ரேட்) கோர்ட்டில் பொதுவாகச் சிலையே பார்க்க முடியாது. காந்தி படம், திருவள்ளுவர் படம், ஸ்டீல் பீரோ, நூல் கட்டிய வழக்குக் கட்டுகள், உட்கார இடமில்லாமல் வராந்தாவில் நிற்கும் ஜனம். செட் போடுகிறவர் கூடத்தைப் பாதியாகக் குறைத்து, ஆட்களை இரண்டு மடங்கு ஆக்கினால் சரியாக இருக்கும்.

அவரால் முடியாததை அவர் செய்வது

நான் படித்த ஒரு திரைக்கதையில் பவானி மாஜிஸ்ட்ரேட் கொலைகாரனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார். இன்னொன்றில் அரசியல்வாதியின் மகனுக்கு முன்ஜாமீனை மறுத்தார், பின்னணி இசையோடு. இரண்டும் அவர் கையில் இல்லாத காரியம்.

முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் கொடுக்கக்கூடிய சிறைத் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு. அபராத வரம்பு முன்பு 10,000 ரூபாய். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்தில் 50,000. கூடவே சமூக சேவை என்ற புதுத் தண்டனையும் வந்திருக்கிறது. தலைமைக் குற்றவியல் நடுவர் 7 ஆண்டு வரை போகலாம். கொலை வழக்கு மாஜிஸ்ட்ரேட்டிடம் பி.ஆர்.சி. என்ற எண்ணில் பதிவாகும், எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) நகல்கள் கொடுக்கப்படும், கட்டு அப்படியே செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போய்விடும். முன்ஜாமீன் என்றால் செஷன்ஸ் கோர்ட் அல்லது ஹைகோர்ட்தான். "கோர்ட்டை அவமதித்தாய், உள்ளே போ" என்று அவர் கர்ஜிக்கிற காட்சியும் ஆகாது. கண் முன்னே அவமதித்தவனுக்கு அங்கேயே அவர் போடக்கூடிய அபராதம் 2024 ஜூன் வரை அதிகபட்சம் 200 ரூபாய், புதிய சட்டத்தில் 1,000 ரூபாய். கட்டாவிட்டால்தான் ஒரு மாதம் வரை வெறுங்காவல். பெரிய அவமதிப்பு என்றால் ஹைகோர்ட்டுக்கு எழுத வேண்டும். 200 ரூபாய் அபராதத்தை உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவர் 500 ரூபாய் நோட்டாக நீட்டி "பாக்கிய வெச்சுக்கங்க" என்றால் அந்த மாஜிஸ்ட்ரேட் என்ன செய்வார்? இதை எழுதினால் நானே உட்கார்ந்து பார்ப்பேன்.

சிவில், கிரிமினல் குழப்பமும் உண்டு. தோட்டம் யாருக்கு என்று ஜே.எம். கோர்ட் தீர்ப்புச் சொல்லாது. சின்ன ஊர்களில் ஒரே நீதிபதி உரிமையியல் நீதிமன்றத்தையும் நடுவர் நீதிமன்றத்தையும் சேர்த்தே பார்ப்பார், அது வேறு விஷயம். அப்படிப்பட்ட ஊரைத் தேர்ந்தெடுத்தால் கொங்கு நாட்டின் நிரந்தரச் சண்டையான வண்டித்தடத்தை இரண்டு பக்கமும் காட்டலாம். "என்ற அப்பாரு காலத்துல இருந்து வண்டி போன தடமுங்க" என்று ஒருவர் சிவிலில் வழக்குப் போட்டிருப்பார். 20 ஆண்டு தடையில்லாமல் அனுபவித்து வந்தால்தான் அனுபவப் பாத்தியம் கிடைக்கும் என்பதால் அப்பாருவின், அதாவது தாத்தாவின், காலம் முக்கியம். வாய்தாவுக்கு நடுவில் இட்டேரியில் (இருபுறமும் வேலியிட்ட வண்டிப்பாதையில்) அடிதடி நடந்துவிடும். ஆளுக்கொரு புகார், இரண்டு எஃப்.ஐ.ஆர். காலையில் சிவிலில் வாதி, பிரதிவாதியாக நின்ற அதே அண்ணன் தம்பிகள் மத்தியானம் அதே கூடத்தில் இரண்டு கிரிமினல் வழக்குகளிலும் மாறி மாறி எதிரிகளாக நிற்பார்கள்.

வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.வையும் மாஜிஸ்ட்ரேட்டையும் ஒன்றாக்கிவிடுவது இன்னொரு தவறு. ஆர்.டி.ஓ., தாசில்தார் எல்லாம் நிர்வாக நடுவர்கள். நன்னடத்தைக்குப் பிணை எழுதி வாங்குவது, கல்யாணமாகி 7 ஆண்டுக்குள் பெண் இறந்தால் விசாரிப்பது இவையெல்லாம் ஆர்.டி.ஓ. வேலை. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால் விசாரிப்பது நீதித்துறை நடுவர். 1920க்கு முந்தைய ஈரோட்டை எடுக்கிறீர்கள் என்றால் இந்தக் கோடெல்லாம் வேறு. அப்போது கௌரவ மாஜிஸ்ட்ரேட்டுகள் இருந்தார்கள். பெரியாரே ஈரோட்டில் அந்தப் பதவியில் இருந்தவர்தான். அதைத் தனித் தொடராக யாராவது எடுத்தால் நல்லது.

அப்புறம் ஈமு கோழி. 2012இல் பெருந்துறைப் பக்கம் வெடித்த அந்த மோசடியை எல்லோருக்கும் எடுக்க ஆசை. எடுங்கள், ஆனால் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் வழக்கை விசாரிப்பது கோவையில் உள்ள தனி நீதிமன்றம். உங்கள் மாஜிஸ்ட்ரேட்டை அங்கே உட்காரவைக்க முடியாது.

ராத்திரி ரிமாண்டை இரண்டு ஷாட்டில் முடிப்பது

திரைக்கதைகளில் கைது இருக்கும், அடுத்த காட்சியில் ஜெயில் இருக்கும். நடுவில் ரிமாண்டு என்று ஒன்று நடக்கும், ஆளைக் காவலில் வைக்கலாமா என்று மாஜிஸ்ட்ரேட் முடிவு செய்வது. அதுதான் மாஜிஸ்ட்ரேட்டின் உண்மையான அதிகாரம், அதைத்தான் வெட்டிவிடுகிறார்கள். கைதான ஆளைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். ஞாயிறு, பொங்கல், நள்ளிரவு எதுவும் விலக்கில்லை. கோர்ட் மூடியிருந்தால் வீட்டுக்கே கொண்டு வருவார்கள்.

எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும். இரவு பத்தரை மணி, குடியிருப்பு வாசல், கேட்டுக்கு வெளியே ஜீப். ஏட்டு ரிமாண்டு ரிப்போர்ட்டை நீட்டுகிறார். லுங்கியும் அழுக்குச் சட்டையுமாக ஒரு பையன். மாஜிஸ்ட்ரேட் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்த பெண்மணி, தெற்குச் சீமைக்காரர்.

"போலீஸ்காரங்க அடிச்சாங்களா?"

பையன் ஏட்டைப் பார்க்கிறான்.

"அவரப் பாக்காதீங்க. என்னைப் பாத்துச் சொல்லுங்க. ஏட்டய்யா, நீங்க கேட்டுக்கு வெளிய நில்லுங்க."

"இல்லீங்க."

"அப்புறம் ஏன் காலத் தாங்கித் தாங்கி நடக்கறீங்க?"

"பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டனுங்க."

தமிழ்நாட்டில் இந்தப் பதிலுக்கு விளக்கம் தேவையில்லை. இனி அவர் என்ன செய்கிறார் என்பதுதான் கதை. அப்படியே கையெழுத்துப் போடலாம். அல்லது காலைப் பார்க்கலாம், வீக்கத்தைத் தன் கைப்பட எழுதலாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம், "7 வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றத்துக்குக் கைது எதுக்கு, நோட்டீஸ் குடுத்தா போதாதா?" என்று கேட்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் எந்திரம் போல ரிமாண்டு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. காரணம் எழுதாமல் ரிமாண்டு செய்த மாஜிஸ்ட்ரேட் மீதே துறை நடவடிக்கை வரும் என்றும் சொன்னது. ஆனால் நாளைக்கு இதே ஏட்டு, இதே இன்ஸ்பெக்டர் சாட்சிகளைக் கொண்டுவந்தால்தான் அவர் கோர்ட் ஓடும். ஒரு கையெழுத்துக்குள் இவ்வளவு இருக்கிறது.

சாத்தான்குளம் நினைவிருக்கும். 2020இல் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது, ரிமாண்டு எப்படி நடந்தது என்ற கேள்விதான் முதலில் எழுந்தது. அதே விவகாரத்தில் ஸ்டேஷனுக்கு விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்ட்ரேட்டைப் போலீசார் ஒத்துழைக்காமல் மிரட்டும் தொனியில் நடத்தினார்கள். ஹைகோர்ட் மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைக்க உத்தரவிட்டது. ஒரே வழக்கில் மாஜிஸ்ட்ரேட் பதவியின் இரண்டு முகமும் தெரிந்தன. கற்பனைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

இதே வகையில் இன்னொன்று. கொலை வழக்கின் எஃப்.ஐ.ஆர். ராத்திரியோடு ராத்திரியாக மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கு ஒரு கான்ஸ்டபிள் கையில் வரும். அவர் வாங்கி, நேரத்தை எழுதி, கையெழுத்துப் போடுவார். தூக்கக் கலக்கத்தில் எழுதுகிற அந்த நேரம்தான் சில ஆண்டு கழித்து செஷன்ஸில் முதல் கேள்வியாக வரும். எஃப்.ஐ.ஆர். 10 மணிக்குப் போட்டதாகச் சொல்கிறீர்கள், 8 கிலோமீட்டர் தூரம் வரக் காலை 6 மணி ஆனதா, நடுவில் யாரோடு உட்கார்ந்து கதை கட்டினீர்கள் என்று எதிரித் தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். மாஜிஸ்ட்ரேட் அங்கே இருக்கவே மாட்டார், அவர் எழுதிய நேரம் மட்டும் இருக்கும்.

ஆஸ்பத்திரியில் மாஜிஸ்ட்ரேட்

மரண வாக்குமூலம் வாங்கும் காட்சியை இன்ஸ்பெக்டருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை, ஆனால் நேரம் இருந்தால் மாஜிஸ்ட்ரேட்டைத்தான் கூப்பிடுவார்கள். அவர் போய் முதலில் செய்வது, எல்லோரையும் வெளியே அனுப்புவது. புருஷன், மாமியார், அம்மா, போலீஸ், ஒருவரும் அறையில் இருக்கக்கூடாது. நினைவோடும் பேசும் நிலையிலும் இருக்கிறார் என்று டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் சும்மா போலச் சில கேள்விகள்: உங்க பேரு என்னம்மா, இது எந்த இடம், நான் யார் தெரியுதா. பதில் தெளிவாக வந்தால்தான் நடந்ததைக் கேட்பார். கேள்வியும் பதிலுமாக எழுதி, படித்துக் காட்டி, ரேகை வாங்குவார். கை வெந்து போயிருந்தால் கால் பெருவிரல் ரேகை. முடிவில் டாக்டர் மறுபடி எழுதுவார்: சொல்லி முடிக்கும் வரை நினைவோடு இருந்தார்.

இதில் தொடருக்குக் கிடைக்கிற பெரிய திருப்பம் பிறகு வருகிறது. வழக்கு செஷன்ஸுக்குப் போகும்போது அந்த மாஜிஸ்ட்ரேட்டே சாட்சி. அதற்குள் அவர் வேறு மாவட்டத்துக்கு மாறுதலாகியிருப்பார். பஸ் பிடித்து வந்து, தான் தினமும் மேலிருந்து பார்த்த கூண்டில் ஏறி நிற்க வேண்டும். குறுக்கு விசாரணையும் உண்டு. "'என்ற ஊட்டுக்காரரு எண்ணெய ஊத்திப்போட்டாரு'ன்னு அந்தப் பொண்ணு சொன்னதா எழுதியிருக்கீங்க. உங்களுக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். இது அவங்க சொன்ன வார்த்தையா, நீங்களா எழுதினதா?" அவர் அந்தப் பேச்சை அப்படியே எழுதியிருந்தால் அதுவே வழக்கைத் தாங்கும். எழுத்துத் தமிழில் அழகாகத் திருத்தியிருந்தால் அங்கே ஆட்டம் காணும். மாஜிஸ்ட்ரேட்டை வெளியூர்க்காரராக வையுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நடைமுறை. சொந்த ஊரில் பொதுவாகப் போட மாட்டார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். ஆகவே "எங்க ஊர்ப் பையன் எங்க ஊருக்கே மாஜிஸ்ட்ரேட்டாக வந்துட்டான்" என்ற கதை முதல் காட்சியிலேயே இடிக்கிறது. நரைத்த தலையும் வேண்டாம். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் நீதிபதி தேர்வு எழுதி வருகிறவர்கள், பலருக்கு முப்பதுகூட ஆகியிருக்காது, பெண்கள் நிறைய. முன்னே நிற்கும் வக்கீலுக்கு அவர் வயதைவிட அதிக அனுபவம் இருக்கும். அந்த வக்கீல் மரியாதையோடு மிரட்டுகிற விதத்தை எழுதத் தெரிந்தால் வில்லனே தேவையில்லை.

திருப்பூரில் வாராவாரம் கொலை நடப்பது

கொங்கு ஜே.எம். கோர்ட்டில் நாள் முழுக்க உட்கார்ந்தால் காதில் விழுகிற சொல் "செக்". திருப்பூர் பனியன், ஈரோடு ஜவுளியும் மஞ்சளும், கரூர் வீட்டு உபயோகத் துணி, நாமக்கல் கோழியும் லாரியும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி, எல்லாத் தொழிலும் கடனில் ஓடுகிறது, கடன் செக்கில் ஓடுகிறது. அதைத் தொடாமல் வாராவாரம் கொலையும் கடத்தலும் வைத்தால் ஊருக்கும் கதைக்கும் சம்பந்தம் இருக்காது.

செக் வழக்கு என்றதும் போலீஸ் வந்து கைது செய்வதாக எழுதாதீர்கள். இது தனிநபர் புகார். செக் திரும்பியது என்று பேங்க் சொன்னதிலிருந்து 30 நாளுக்குள் நோட்டீஸ், கிடைத்த பின் பணம் கட்ட 15 நாள், கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட். ஒரு நாள் தவறினாலும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்றாட வேண்டும். போலீஸ் வருவது சம்மனுக்கு ஆள் வராமல் பிடியாணை பிறந்த பிறகுதான். தண்டனை 2 ஆண்டு வரை, அல்லது செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதம். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்ல 2018 திருத்தம் வழி செய்கிறது.

இதில் யார் நல்லவர் என்று சட்டென்று சொல்ல முடியாது, எழுதுகிறவருக்கு அதுதான் வசதி. கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டால், கடனுக்குத்தான் கொடுத்தது என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியவர் எதிரி. ஃபைனான்ஸில் கையெழுத்து மட்டும் போட்ட வெறும் செக்கைக் கொடுத்துவிட்டு, கடனை அடைத்த பிறகும் திருப்பி வாங்காமல் விட்ட தறிக்காரர் வந்து நிற்பார். "அவியளா நெரப்பிக்கிட்டாங்க சாமி" என்பார். நிஜமாகவே அப்படி ஏமாந்தவரும் உண்டு, அதையே சாக்காகச் சொல்கிறவரும் உண்டு. இருவரும் ஒரே வெள்ளை வேட்டி, ஒரே பதில்.

இடமும் கதையாகும். 2014இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றால், செக் கொடுத்தவரின் பேங்க் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வழக்கு என்று ஆனது. ஈரோட்டுக்காரர் சூரத்துக்கு வாய்தாவுக்கு ஓட வேண்டிய நிலை. 2015 திருத்தத்தில் பணம் வாங்க வேண்டியவரின் பேங்க் கிளை இருக்கும் ஊர் என்று மாற்றினார்கள். இப்போது சூரத் சேட்டு ஈரோட்டுக்கு வந்து, தமிழ் புரியாமல், டீக்கடைப் பெஞ்சில் காத்திருப்பார். வராந்தாவில் இரு தரப்புப் பெரியவர்களும் பேசிப் பேசி மக்கள் நீதிமன்றத்தில் ராஜி ஆவதுதான் பாதி வழக்குகளின் முடிவு. நீண்ட தீர்ப்பு வசனத்தைவிட அந்த வராந்தா பேரத்தைக் காட்டுவது மேல்.

சிரிப்புக்கும் பஞ்சமில்லை. பொங்கல் முடிந்த வாரம் சேவக்கட்டு வழக்குகள் வரும். பிடிபட்ட சேவலும் வழக்குச் சொத்துதான், ஆனால் கோர்ட் சொத்து அறையில் வைத்துப் பூட்ட முடியுமா? தீனி யார் போடுவது? கெட்டுப்போகிற பொருளையும் உயிருள்ளதையும் விற்க உத்தரவிடலாம் என்று சட்டம் இடம் தருகிறது. ஆக, கோர்ட் வாசலில் ஏலம். ஏலம் கேட்கிற கூட்டத்தில் யார் யார் நிற்பார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எல்லோரும் "ஏனுங்" என்பது

கொங்குப் பேச்சை நகைச்சுவைக்கு மட்டும் வைத்திருப்பது பழைய வியாதி. வரிக்கு இரண்டு "ஏனுங்" போட்டால் கொங்கு ஆகிவிடாது. பேச்சு ஆளைப் பொறுத்து மாறும். பொள்ளாச்சித் தோப்புக்காரர் கூண்டில் நிற்கும்போது பேசுவதும், வெளியே தன் வக்கீலிடம் பேசுவதும் வேறு. கிழவி "சாமீ" என்று மாஜிஸ்ட்ரேட்டையே பேரன் மாதிரி கூப்பிடுவாள். படித்த மகன் அவளைத் தடுப்பான். அதோடு, இந்தச் சீமையில் எல்லோரும் கொங்குத் தமிழ் பேசுகிறவர்களும் இல்லை. தாளவாடிப் பக்கம் கன்னடம், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பங்கள், தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்தவர்கள், பீகார், ஒடிசா தொழிலாளர்கள். ஒடியா மட்டும் தெரிந்த ஒரு பையனை ராத்திரி ரிமாண்டுக்குக் கொண்டுவந்தால் அவனிடம் "அடிச்சாங்களா" என்று கேட்பது யார்? மொழிபெயர்க்க வந்தவர் அவனைப் பிடித்துக்கொடுத்த கம்பெனியின் சூப்பர்வைசராக இருந்தால்?

சட்டப் பிரிவு எண்களிலும் காது வேண்டும். ஊர் அடிதடி எஃப்.ஐ.ஆர். என்றால் 294(பி), 323, 506 (ஆபாசப் பேச்சு, அடித்தல், மிரட்டல்) என்று மந்திரம் மாதிரி வரும். டீக்கடைக்காரருக்கே மனப்பாடம். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் புதிய தண்டனைச் சட்டப்படி அது 296(பி), 115(2), 351. கொலை 302 இல்லை, 103. ஏமாற்று 420 இல்லை, 318. ஆனால் பழைய சம்பவங்களுக்குப் பழைய எண்ணே தொடரும். ஒரே காலையில் இரண்டு வகை எண்ணும் கூப்பிடப்படும், வக்கீல்களும் தடுமாறுவார்கள். அந்தத் தடுமாற்றத்தையும் எழுதலாம்.

சாதியைத் தொடாமல் போவது

கொங்கை வைத்துக் கோர்ட் கதை எழுதிவிட்டு எந்தப் பாத்திரத்துக்கும் சாதியே இல்லாதது போல் காட்டுவது பாதுகாப்பான வழிதான், ஆனால் பொய். ஓமலூர் இளைஞர் கோகுல்ராஜ் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்டு 2015இல் சாதியின் பெயரால் கொல்லப்பட்ட வழக்கு நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப்பட்டது. நடுவர் முன் வாக்குமூலம் கொடுத்திருந்த முக்கிய சாட்சி விசாரணையில் பிறழ்ந்துபோனார். மாஜிஸ்ட்ரேட் முன் சொன்ன சொல்லுக்கும், பல ஆண்டு கழித்துக் கூண்டில் சொன்ன சொல்லுக்கும் நடுவில் ஒரு மனுஷிக்கு என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியது எழுத்தாளர் வேலை. சாதிப் பெயரை உச்சரித்தால் பிரச்சினை என்று சேனல் சொன்னால், யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், வராந்தாவில் யார் உட்காருகிறார்கள், யார் நிற்கிறார்கள் என்பதை வைத்தே காட்டிவிட முடியும்.

உண்மை வழக்கைத் தழுவும்போது பெண்ணின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்பதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பாலியல் வழக்கில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது குற்றம். பெயரை மாற்றிவிட்டு ஊர், கல்லூரி, அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் அப்படியே வைத்தாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். பொள்ளாச்சி வழக்கில் 2019இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அதிகாரிகளே வெளியிட்டு ஏற்பட்ட கேடு போதும்.

வாய்தாவை வெட்டிவிடுவது

வழக்கு ஒரு வாரத்தில் முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் "6 மாதங்களுக்குப் பிறகு" என்று எழுத்துப் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். காலை பத்தரைக்குக் கூப்பிட ஆரம்பித்தால் அடுத்தடுத்து வழக்குகள் ஓடும். சாட்சி வரவில்லை, இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போய்விட்டார், வக்கீல் செஷன்ஸில் இருக்கிறார், அடுத்த வாய்தா. ஒரு எபிசோடு முழுக்க அந்த ஒரு காலையாக இருக்கலாம். ஏதோ ஒரு வழக்குக் கட்டு மட்டும் ஒவ்வொரு வாரமும் வந்து தள்ளிப்போகட்டும், பத்தாவது வாரம் அந்தச் சாட்சி வந்து நிற்கட்டும்.

பெயிலும் அப்படித்தான். "ஜாமீன் வழங்கப்பட்டது" என்றதும் கதாநாயகன் மாலையோடு வெளியே வருவதில்லை. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும், பத்திரம் எழுத வேண்டும், உத்தரவு கோவை மத்திய சிறைக்கோ கிளைச் சிறைக்கோ போய்ச் சேர வேண்டும். பொழுது சாய்வதற்குள் சேரவில்லை என்றால் இன்னொரு ராத்திரி உள்ளேதான். ஜாமீன் கையெழுத்துப் போட மாமன் மச்சான்களில் யார் வருகிறார்கள், யார் போனை எடுக்கவில்லை என்று தெரிகிற நாள் அது.

கடைசியாக ஒன்று. ஆலோசனைக்குச் சென்னையில் இருக்கிற ஹைகோர்ட் வக்கீலை வைத்துக்கொள்கிறார்கள். ஜே.எம். கோர்ட் பக்கம் அவர் வந்தே பல வருஷம் ஆகியிருக்கும். கோபியிலோ சத்தியிலோ பல வருஷம் தொழில் பார்த்த ஒரு வக்கீல் குமாஸ்தாவைப் பிடியுங்கள், ஒரு மத்தியானம் போதும். அதற்கு முன் நீங்களே போய் உட்காருங்கள். கோர்ட் எல்லோருக்கும் திறந்த இடம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பத்தரைக்கு முன்பே போனால் பின்வரிசைப் பெஞ்சில் இடம் கிடைக்கும். செல்போனை அணைத்துவிடுங்கள், படம் எடுக்கவே எடுக்காதீர்கள். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தால் டவாலி வந்து முழங்காலைத் தட்டுவார்.